வார்த்தைக் கணக்கில் விடை தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

3க + 7 = 22 என்று கொடுத்தால் சட்டென்று 5 என்று சொல்லிவிடும் பிள்ளை, அதையே ஆட்டோ கட்டணம், அம்மா வயது என்று கதையாகக் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிடும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது தினப்படி நடப்பதுதான். சமன்பாட்டைத் தீர்க்கத்தான் வகுப்பில் அதிக நேரம் போகிறது. கோளாறு பெரும்பாலும் அதற்கு ஒரு படி முன்னால், வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதும் இடத்தில் நடக்கிறது. அதனால் கீழே அந்தப் பகுதியைத்தான் அதிகமாகத் தோண்டியிருக்கிறேன்.

பள்ளிப் புத்தகத்தில் எக்ஸ் வரும் இடத்தில் இங்கே க என்று போட்டிருக்கிறேன். 3க என்றால் 3 × க. அவ்வளவுதான்.

எந்த அறிகுறிக்கும் போவதற்கு முன் ஒரு சோதனை. கிடைத்த விடையை நேராகக் கதையில் போட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது வேறு சோதனை, இது வேறு. சமன்பாடே தப்பாக இருந்தால், அதன் விடை அந்தத் தப்பான சமன்பாட்டுக்கு அழகாகப் பொருந்தும். ‘சரிபார்த்தாச்சு’ என்று கோடும் போட்டுவிடுவோம். சமன்பாட்டுக்குப் பொருந்தி, கதைக்குப் பொருந்தவில்லை என்றால் எழுதியதில் கோளாறு. சமன்பாட்டுக்கே பொருந்தவில்லை என்றால் தீர்த்ததில் கோளாறு. அப்படியானால் நேராகக் கீழே தேனீக் கணக்கு வரும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கணக்கைப் படித்தாச்சு, தாள் காலியாகவே இருக்கிறது

‘தெரியாததை எக்ஸ் என்க’ என்ற அறிவுரை இந்த நிலையில் உதவாது. அதை எழுதிவிட்டுத்தான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஒரு எண்ணைக் குத்துமதிப்பாக ஊகித்து, அது சரியா என்று கதையில் சோதிக்கச் சொல்லுங்கள். சோதிக்கும்போது என்னென்ன செய்தோமோ அதுதான் சமன்பாடு.

2013-இல் தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு மீட்டர் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய். (அந்த ரேட்டில் யார் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். கணக்குக்கு நல்ல ரேட்.) இறங்கும்போது மீட்டர் 85 ரூபாய் காட்டுகிறது, காத்திருப்புக் கட்டணம் எதுவும் இல்லை. எவ்வளவு தூரம் வந்தோம்?

5 கி.மீ. என்று வைத்துப் பார்ப்போம். அதில் முதல் 1.8 கி.மீ. குறைந்தபட்சக் கட்டணத்தில் போய்விடும். மிச்சம் 5 − 1.8, அதாவது 3.2. அதற்கு 12 ரூபாய் வீதம் 38.40. கூட 25 சேர்த்தால் 63.40. 85 வரவில்லை, ஊகம் தப்பு. தப்பாக இருந்தால் என்ன? வழி கிடைத்துவிட்டது. செய்த வேலையை மட்டும் ஒரே வரியில், கூட்டிப் பெருக்காமல் எழுதுங்கள்:

(5 − 1.8) × 12 + 25

5 இருந்த இடத்தில் க போட்டு, 63.40 வந்த இடத்தில் 85 போடுங்கள்:

12(க − 1.8) + 25 = 85

25-ஐக் கழித்தால் 12(க − 1.8) = 60. 12-ஆல் வகுத்தால் க − 1.8 = 5. எனவே க = 6.8 கி.மீ.

இதே கணக்கில் நிறையப் பேர் எழுதுவது 12க + 25 = 85. விடை 5 என்று முழு எண்ணாக வரும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும். ஆனால் 5 கி.மீ.க்கு 63.40 தான் ஆகும் என்று இப்போதுதான் பார்த்தோம். அந்த 5 என்பது 1.8-க்கு மேற்பட்ட தூரம் மட்டும். முழு எண் வந்தால் விடை சரி என்ற நம்பிக்கையைப் பிள்ளைகளிடம் நாம்தான் வளர்த்து வைத்திருக்கிறோம். புத்தகத்துக் கணக்குகள் எல்லாம் முழு எண்ணில் முடிகிற மாதிரியே செய்யப்பட்டிருப்பதால் வந்த வினை.

ஊகித்துத் தொடங்குவது குறுக்கு வழியோ என்று கூச வேண்டாம். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் என்ற கணக்குச் சுவடியில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, குவியல் எவ்வளவு? அவர்கள் 7 என்று ஊகித்தார்கள். 7-உம் 1-உம் சேர்ந்து 8 வந்தது. 8-ஐ 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ அத்தனை மடங்கு 7-ஐப் பெருக்கி 16⅝ என்றார்கள். ஆட்டோவுக்கு இந்த மடங்கு வேலை ஓடாது, ஏனென்றால் குறுக்கே அந்த நிலையான 25 நிற்கிறது. அங்கேதான் சமன்பாடு தேவைப்படுகிறது.

விடை சமன்பாட்டுக்குச் சரி, கதைக்குத் தலைகீழ்

‘ஒரு ஆசிரியருக்கு 30 மாணவர்கள்.’ 2009 கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குச் சொல்லும் விகிதம் இது. ஆசிரியருக்கு ஆ, மாணவருக்கு ம என்று வைத்து எழுதச் சொன்னால், பாதிப் பேர் சொல் வந்த வரிசையிலேயே ஆ = 30ம என்று எழுதுவார்கள். சரி, 60 மாணவர்கள் இருக்கிற பள்ளியில் போட்டுப் பார்ப்போம். ஆ = 1800. அறுபது பிள்ளைகளுக்கு ஆயிரத்து எண்ணூறு ஆசிரியர்கள்!

சரியானது ம = 30ஆ. இது சின்னப் பிள்ளைகள் மட்டும் செய்கிற தப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் இதே மாதிரியான ஒரு கேள்வியைக் கேட்டபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தப்பாக எழுதினார்கள். 1981-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் எழுதியதும் இதே போலத் தலைகீழ்தான்.

காரணம், எழுத்தை ஆளாக நினைப்பது. ‘ஆ = ஆசிரியர்’ என்று ஓரத்தில் எழுதியவுடன் ஆ ஒரு ஆள் ஆகிவிடுகிறார், அவர் முன்னால் 30 மாணவர் உட்கார்ந்துவிடுகிறார்கள். ‘ஆ = ஆசிரியர்களின் எண்ணிக்கை’ என்று முழுசாக எழுத வையுங்கள். பேனாவின் விலை, பாலின் அளவு லிட்டரில், மகளின் இப்போதைய வயது ஆண்டுகளில் என்று எல்லாவற்றுக்கும் அப்படியே. சோம்பேறித்தனத்தால் விட்டுவிடுகிற இந்த ஒரு வரிதான் பல கணக்குகளைக் கவிழ்க்கிறது.

கழித்தலிலும் தலைகீழ் வரும். இங்கே தமிழ் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் தருகிறது: சொற்களின் வரிசை எப்படி மாறினாலும் உருபு இடம் மாறாது.

‘12-இலிருந்து ஓர் எண்ணைக் கழித்தால்’ என்றால் 12 − க.
‘ஓர் எண்ணிலிருந்து 12-ஐக் கழித்தால்’ என்றால் க − 12.
‘12-ஐ ஓர் எண்ணிலிருந்து கழித்தால்’ என்றாலும் க − 12 தான்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் ஆட்கள் விழுவார்கள், 12 முதலில் வந்துவிட்டதால். எது முதலில் வந்தது என்று பார்க்காமல், ‘இலிருந்து’ எதோடு ஒட்டியிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அதைத்தான் முதலில் எழுத வேண்டும். ‘விட’ வந்தாலும் இதே வேலை. ‘ரவியைவிடக் குமாரிடம் 15 ரூபாய் குறைவு’ என்றால் ‘விட’ ரவியிடம் இருக்கிறது. ரவியின் பணத்தில் நின்றுகொண்டு 15-ஐக் குறைத்தால் குமாரின் பணம். கு = ர − 15. குறைவு என்ற சொல்லைப் பார்த்த வேகத்தில் ரவியின் பக்கத்தில் கழித்தல் குறி போடுகிறவர்கள் உண்டு.

அடைப்புக்குறி எங்கே வரும் என்பதையும் வாக்கியமே சொல்லிவிடும். இந்த இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

‘ஓர் எண்ணின் 3 மடங்கைவிட 5 அதிகம்.’
‘ஓர் எண்ணைவிட 5 அதிகமான எண்ணின் 3 மடங்கு.’

முதலாவது 3க + 5. இரண்டாவது 3(க + 5). இரண்டாவதில் ‘அதிகமான எண்’ என்று ஒரு புது எண்ணே பிறந்துவிடுகிறது. ‘அதிகமான’, ‘குறைவான’, ‘கூட்டி வந்த’, ‘மீதமுள்ள’ போன்ற சொல் ஒன்று வந்து, அதன் பின்னால் ‘எண்’, ‘தொகை’, ‘பணம்’ என்று பெயர் வந்தால், அது வரைக்கும் அடைப்புக்குறிக்குள். ‘மீதமுள்ள பணத்தில் பாதி’ என்பதும் அப்படித்தான்: முதலில் மீதத்தை அடைப்புக்குள் போட்டுவிட்டு, அப்புறம் இரண்டால் வகுக்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் காலை வாரும். ‘விட 3 மடங்கு அதிகம்’ என்றால் 3கவா, 4கவா? பேச்சில் 3க என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். வினாத்தாள் எழுதுகிறவர்கள் தயவுசெய்து ‘போல 3 மடங்கு’ என்றே எழுதலாம்.

ஆட்களின் எண்ணிக்கை மைனஸில் வருகிறது

பஸ்ஸில் 40 பேர். சிலர் 10 ரூபாய் டிக்கெட், மற்றவர்கள் 15 ரூபாய் டிக்கெட். வசூல் 465 ரூபாய். 10 ரூபாய் டிக்கெட் எத்தனை?

10 ரூபாய்க்காரர்கள் க என்றால் மற்றவர்கள் 40 − க. அவசரத்தில் எழுதுவது:

10க + 15 × 40 − க = 465

9க + 600 = 465, 9க = −135, க = −15. மைனஸ் பதினைந்து பேர் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். வகுத்தல் மீதியில்லாமல் போனதால் கை தடங்கலே இல்லாமல் ஓடியிருக்கும்.

40 − க என்பது ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் முழுவதும் 15 ரூபாய் கொடுக்கிறது. எனவே 15(40 − க). இப்போது 10க + 600 − 15க = 465, −5க = −135, க = 27. மற்றவர்கள் 13. 270-உம் 195-உம் சேர்ந்து 465. வசூல் சரி.

ஆட்கள், பைகள், நாற்காலிகள் என்று எண்ணக்கூடிய பொருள் மைனஸில் வந்தாலோ, இரண்டரை ஆள் வந்தாலோ, முதலில் இப்படிப் பிரிந்த கூட்டத்தைச் சுற்றி அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும்.

ஆனால் காலத்தைக் கேட்கும் கணக்கில் மைனஸ் வந்தால் அடிக்க அவசரப்படாதீர்கள். அப்பாவுக்கு 42, மகனுக்கு 16. எத்தனை ஆண்டுகள் கழித்து அப்பாவின் வயது மகனுடையதைப் போல 3 மடங்காகும்? 42 + க = 3(16 + க). தீர்த்தால் க = −3. கழித்து அல்ல, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது: அப்போது 39-உம் 13-உம். சமன்பாடு சொல்வது முழுக்க உண்மை, கேள்விதான் தப்பான திசையில் பார்த்துக்கொண்டிருந்தது.

வயதுக் கணக்கில் மட்டும் தொடர்ந்து சறுக்கல்

இதற்கு அநேகமாக ஒரே காரணம்தான்: ஒருவரை மட்டும் வயதாக்கிவிட்டு இன்னொருவரை அப்படியே விட்டுவிடுவது. அம்மாவின் வயது மகளின் வயதைப் போல 4 மடங்கு. 6 ஆண்டுகள் கழித்து 3 மடங்காக இருக்கும். மகளுக்கு க, அம்மாவுக்கு 4க. 4க = 3(க + 6) என்று எழுதினால் க = 18, அம்மாவுக்கு 72. மகள் பிறந்தபோது அம்மாவுக்கு 54 வயது! அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

ஆறு வருஷம் போனால் வீட்டில் எல்லோருக்கும்தான் ஆறு வயது கூடும். 4க + 6 = 3(க + 6). 4க + 6 = 3க + 18, க = 12. அம்மாவுக்கு 48. ஆறு ஆண்டுகள் கழித்து 54, 18. பொருந்துகிறது. ‘இப்போது’, ‘அப்போது’ என்று இரண்டு பத்தி போட்டு, சமன்பாடு எழுதுவதற்கு முன்பே நான்கு கட்டங்களையும் நிரப்பிவிட்டால் இந்தத் தப்பு வரவே வராது.

விடை கிட்டத்தட்டச் சரி, சில ரூபாய்தான் இடிக்கிறது

சதவீதம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டல் பில் ஜிஎஸ்டி 5% சேர்த்து 840 ரூபாய். வரிக்கு முன் எவ்வளவு? 840-இல் 5% என்பது 42. கழித்தால் 798 என்று போனால் தப்பு. வரி 840-க்குப் போடப்படவில்லை. நமக்கு இன்னும் தெரியாத அந்தத் தொகைக்குப் போடப்பட்டது. 1.05க = 840, க = 800. இரண்டு ரூபாய்தானே வித்தியாசம் என்று தோன்றும். இதுதான் இந்தக் கோளாறின் ஆபத்து: விடை நம்பும்படியாகவே இருக்கும்.

நகைக் கடையில் இது இரண்டு அடுக்காக வரும். கணக்குக்காக கிராம் 10,000 ரூபாய், சேதாரம் 10%, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி 3% என்று வைத்துக்கொள்வோம். கையில் 90,640 ரூபாய் இருக்கிறது. எத்தனை கிராம் வாங்கலாம்? சேதாரம் சேர்ந்த விலைக்குத்தான் வரி, எனவே கிராமுக்கு 10,000 × 1.1 × 1.03 = 11,330. 11,330க = 90,640, க = 8. சரியாக ஒரு பவுன். பத்தும் மூன்றும் பதின்மூன்று என்று சேர்த்துப் போட்டால் கிராமுக்கு 11,300 தான் வரும்; எட்டு கிராமுக்கு 240 ரூபாய் கையைக் கடிக்கும்.

ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் ‘எதில்?’ என்று பென்சிலால் எழுதி, பதிலையும் எழுதச் சொல்லுங்கள்.

விடை 12 மடங்கு, 60 மடங்கு எகிறியிருக்கிறது

அலகுக் கோளாறு. 50,000 ரூபாய் கைமாற்று, நூற்றுக்கு இரண்டு வட்டி, வட்டியாக 9,000 கொடுத்திருக்கிறார், எத்தனை நாளாகக் கடன் ஓடுகிறது? கடைத்தெருவில் ‘ரெண்டு வட்டி’ என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய். மாதம் 1,000, எனவே 1,000க = 9,000, ஒன்பது மாதம். பள்ளிப் பழக்கத்தில் 2%-ஐ ஆண்டு வட்டியாக எடுத்தால் ஒன்பது வருஷம் ஆகிவிடும். சமன்பாடு இரண்டுக்கும் ஒன்றே. க என்பது மாதமா வருஷமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேகக் கணக்கில் இன்னும் வேடிக்கையாக வரும். 40 கி.மீ. வேகத்தில் பஸ் போகிறது. 30 நிமிடம் கழித்து 60 கி.மீ. வேகத்தில் கார் கிளம்புகிறது. எப்போது பிடிக்கும்? பையன் 40(க + 30) = 60க என்று எழுதி, 60 வந்ததும் ‘60 மணி நேரம்’ என்று எழுதிவிடுவான். அறுபது மணி நேரம் அந்த வேகத்தில் போனால் 3,600 கி.மீ.; கன்னியாகுமரியில் கிளம்பியிருந்தால் காஷ்மீரை நெருங்கியிருக்கும். 30-ஐ நிமிடத்தில் போட்டதால் க-வும் நிமிடம். அறுபது நிமிடம், அதாவது ஒரு மணி நேரம். சமன்பாடு சரி, பெயர்ப்பலகைதான் மாறிவிட்டது.

கால்குலேட்டர் 1.33 மணி காட்டினால் அது 1 மணி 33 நிமிடம் இல்லை, 1 மணி 20 நிமிடம். நிலக் கணக்கு என்றால் ஒரு செண்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவது உத்தமம்.

க காணாமல் போய்விட்டது; 50 = 50 என்று வருகிறது

இரண்டு எண்களின் கூடுதல் 50, வித்தியாசம் 12. ஒன்று க, மற்றது 50 − க. அப்புறம் க + (50 − க) = 50 என்று எழுதினால் 50 = 50. பொய்யில்லை, பயனுமில்லை. ‘கூடுதல் 50’ என்ற வாக்கியம் 50 − க எழுதும்போதே செலவாகிவிட்டது. அதையே மறுபடி எழுதியிருக்கிறோம். வித்தியாசம் 12 இன்னும் தொடப்படாமல் இருக்கிறது. க − (50 − க) = 12, 2க = 62; 31-உம் 19-உம். பயன்படுத்திய வாக்கியத்தைப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தால், டிக் விழாத வாக்கியம் தானாகக் கண்ணில் படும்.

டிக் எல்லாம் விழுந்தும் இப்படி வந்தால் கேள்வியிலேயே சரக்கு போதவில்லை. ‘அம்மாவுக்கும் மகளுக்கும் 24 வயது வித்தியாசம், பத்து ஆண்டு கழித்தும் வித்தியாசம் 24’ என்றால் இரண்டாவது வாக்கியத்தில் புதுச் செய்தி எதுவும் இல்லை.

40 = 30 மாதிரி அபத்தமாக வந்தால்? இரண்டு ஜெராக்ஸ் கடைகளிலும் பக்கத்துக்கு 1 ரூபாய். பைண்டிங் ஒன்றில் 40, இன்னொன்றில் 30. எத்தனை பக்கத்தில் செலவு சமமாகும்? க + 40 = க + 30. க இரண்டு பக்கமும் போய்விடும். எத்தனை பக்கம் எடுத்தாலும் சமமாகாது என்பதே இதற்கு விடை. அதைத் தைரியமாக எழுதலாம்.

சமன்பாடு சரி, தீர்க்கும்போது எங்கோ ஓட்டை

பத்து வரிப் போட்டு விடை தப்பாக வந்தால் முழுவதையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடத் தேவையில்லை. தப்பான விடையே ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு தேனீக் கணக்கு இருக்கிறது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பப் பூவுக்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கு. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு குடசப்பாலைக்கு. மீதி ஒரே ஒரு தேனீ, தாழைக்கும் மல்லிகைக்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருக்கிறது. மொத்தம் எத்தனை?

வரி 1: க/5 + க/3 + 3(க/3 − க/5) + 1 = க
வரி 2: 3க + 5க + 3(5க − 3க) + 1 = 15க
வரி 3: 8க + 6க + 1 = 15க
வரி 4: 1 = க

ஒரு தேனீ. அதில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பத்துக்குப் போயிருக்கிறது, பாவம். இப்போது இந்த 1-ஐ ஒவ்வொரு வரியிலும் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலே போங்கள். வரி 3: 8 + 6 + 1 = 15, வலப்பக்கமும் 15. பொருந்துகிறது. வரி 2: 3 + 5 + 6 + 1 = 15. பொருந்துகிறது. வரி 1: இடப்பக்கம் 29/15, வலப்பக்கம் 1. பொருந்தவில்லை. ஆக, வரி 1-க்கும் 2-க்கும் நடுவில்தான் ஓட்டை. உற்றுப் பார்த்தால் தெரியும்: எல்லாவற்றையும் 15-ஆல் பெருக்கியவர், அந்த ஒற்றைத் தேனீயை மட்டும் விட்டுவிட்டார். வரி 2-இல் + 1 இருக்கும் இடத்தில் + 15 வர வேண்டும். அப்போது 14க + 15 = 15க, க = 15. தேனீக்கள் 3, 5, 6, 1. கூட்டினால் 15.

ஒரே ஒரு தப்பு நடந்திருந்தால் இந்த வழி கச்சிதமாக வேலை செய்யும். தப்புக்குக் கீழே உள்ள எல்லா வரிக்கும் அந்த விடை பொருந்தும், மேலே உள்ளவற்றுக்குப் பொருந்தாது. வரிகள் நிறைய இருந்தால் நடுவில் ஒன்றை எடுத்துச் சோதித்து, மேலா கீழா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அகப்படும் தப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பின்னத்தை நீக்கும்போது ஒரு உறுப்பை விட்டுவிடுவது, 3(க − 4)-ஐ 3க − 4 என்று பிரிப்பது, அடைப்புக்கு முன்னால் மைனஸ் இருக்கும்போது உள்ளே இரண்டாவது குறியை மாற்ற மறப்பது. ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற மந்திரத்தை நம்பி 3க = 12-இல் 3-ஐ அனுப்பி க = 12 − 3 என்று எழுதுவதும் உண்டு. எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். மந்திரத்தைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லிக்கொடுத்தால் நல்லது என்பது என் கட்சி.

எல்லாம் சரி, ஆனாலும் மார்க் போய்விட்டது

க மகளின் வயது, கேட்டது அம்மாவின் வயது. 12 என்று எழுதிவிட்டு வந்தாயிற்று. கேள்வியின் கடைசி வரியை விடை எழுதும் முன் இன்னொரு முறை படித்தால் போதும்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் வேறு விடை

முதலில் இரண்டும் ஒன்றேதானா என்று பாருங்கள். 6.8, 34/5, 6⅘ எல்லாம் ஒரே எண். 1 மணி 20 நிமிடமும் 4/3 மணியும் ஒன்றே. அப்படியும் ஒட்டவில்லை என்றால், உங்கள் விடை, புத்தகத்து விடை இரண்டையும் கதையில் போட்டுப் பாருங்கள். உங்களுடையது பொருந்தி அவர்களுடையது பொருந்தவில்லை என்றால் அச்சுப் பிழையாக இருக்கலாம். கேள்வியில் எண்ணை மாற்றிவிட்டு, பின்பக்கத்தில் பழைய விடையை அப்படியே விட்டிருக்கலாம். அங்கேயே பென்சிலால் திருத்தி எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.